ஏழாம் இலக்கக்காரியின் பிழைகள்

அத்தியாயம் 11

லண்டன் கடிதம் வந்து மூன்று நாளாகிவிட்டது. குணலட்சுமி இன்னும் ஒருவேளையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அக்கா மகாதேவி வழக்கம்போல விடியவே எழும்பி, பாணை வெட்டிச் சம்பலும் வைத்துவிட்டு, ஐயாவின் அறைக்குள் போய்விட்டாள். பாரிசவாதம் வந்து கட்டிலில் விழுந்த மனிதருக்கு முகம் துடைத்து, கஞ்சி பருக்கி, ஈரத் துணி மாற்றி முடிய ஒரு மணித்தியாலம் செல்லும். அவருடைய மருந்தும், இந்த வீட்டு அரிசியும், குணலட்சுமியின் மாலை வகுப்பும் அக்காவின் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வேலை இருக்குமா இல்லையா என்பது இன்றைக்குப் போகும் பதிலில்தான் இருந்தது.

மூன்று நாளாக அக்கா கடிதத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. ஏசியிருந்தால் குணலட்சுமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

கொக்குவிலில், புகையிரதப் பாதைக்குப் பக்கத்து மதில் வீடொன்றில் மார்க்கண்டு மாமா ஒரு கந்தோர் நடத்துகிறார். இங்கிலாந்தின் துறைமுகப் பட்டினம் ஒன்றில், தொழிலாளர் ஓய்வூதியச் சங்கம் நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்த அட்டைகளைக் கம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கே ஆள் வைத்துச் செய்வித்தால் கட்டுப்படியாகாது. அதனால் லண்டனில் உள்ள முகவர் ஒருவர் அந்த வேலையைக் கடல் தாண்டி அனுப்புகிறார். அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கொழும்பில் இறங்கி, லொறியில் ஆனையிறவு கடந்து கொக்குவிலுக்கு வரும். பதினான்கு பெண்கள் இருந்து தட்டுவார்கள். தட்டியது டிஸ்க்கில் திரும்பிப் போகும்.

ஒவ்வோர் அட்டையையும் இரண்டு பேர் தட்ட வேண்டும், ஒருத்தி தட்டியதை மற்றவள் பாராமல். பிறகு கம்பியூட்டர் இரண்டையும் ஒத்துப் பார்க்கும். எங்கே வித்தியாசம் காட்டுகிறதோ அந்த அட்டையை எடுத்து, யார் தட்டியது சரி, யாருடையது பிழை என்று தீர்ப்பவள் குணலட்சுமி. ஒவ்வொருத்திக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்துக்கு நேரே பிழைகளை எழுதிவைப்பதும் அவள்தான். எல்லாருக்கும் மேலே மேற்பார்வையாளர், அக்கா மகாதேவி.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். ஐப்பசியில் இருந்து அனுப்பிய முப்பத்தோராயிரம் அட்டைகளிலும் பெயர்கள் முன்பின்னாக மாறிக் கிடக்கின்றன. குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆளின் பெயர். அதனால் பழைய பட்டியலோடு ஒருவர் பெயரும் பொருந்தவில்லை. இரண்டு மாதமாகக் கிழவர்களுக்கு ஓய்வூதியம் போகவில்லை. இரண்டு பேர் தனித்தனியே தட்டினார்கள், வித்தியாசமே இல்லை என்று அத்தாட்சி தந்தீர்களே, அது எப்படி? பதினைந்து நாளுக்குள் விளக்கம் வராவிட்டால், கொழும்பில் இறங்கியிருக்கும் மிகுதிப் பெட்டிகள் மணிலாவுக்குப் போகும்.

பதினைந்து நாளில் பதினொரு நாளைத் தபாலே தின்றுவிட்டது. இன்றைக்கு இரண்டு மணிக்குக் கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் பதிலைக் கொடுத்துவிட்டால், அங்கிருந்து நாளைக்கே பக்ஸில் லண்டனுக்குப் போய்விடும்.

எப்படி என்று குணலட்சுமிக்குத் தெரியும். எங்கள் ஊரில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பள்ளிக்கூட இடாப்பிலும் அப்படித்தான், கல்யாணக் கடிதத்திலும் அப்படித்தான். கம்பியூட்டர்த் திரையின் முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டபோது, அக்கா கரும்பலகையில் அழகான எழுத்தில் எழுதினாள்: முதல் கட்டம், தகப்பன் பெயர். முதலில் வரும் பெயரை அதில் போடவும்.

முதல் வருடம் வந்தவை அச்சடித்த அட்டைகள். அவற்றில் குடும்பப் பெயரே முன்னால் இருந்ததால் கரும்பலகை வரி தப்பிப் பிழைத்தது. ஐப்பசியில் கையால் எழுதிய அட்டைகள் வந்தன. அவற்றில் ஆளின் பெயர் முன்னால், குடும்பப் பெயர் பின்னால். ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரித் தட்டினார்கள். ஒரே பிழையை இரண்டு பேர் செய்தால் கம்பியூட்டருக்கு அது சரி.

பெண்கள் பகிடிகூட விட்டார்கள். தகப்பன் கட்டத்தில் ஜோன், ஜோன் என்றே வந்துகொண்டிருக்க, அந்தப் பட்டினத்தில் ஜோன் என்ற மனுசன் ஒருத்தன்தான் பாதிச் சனத்துக்குத் தேப்பன் போல, மற்ற ஆம்பிளையளெல்லாம் கப்பலிலை போயிட்டாங்கள் என்று ஒருத்தி சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. குணலட்சுமியும் சிரித்தாள். எதையும் மூன்று தரம் சரி பார்க்கிறவள், கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள், அன்றைக்கு மட்டும் சந்தேகப்படவில்லை.

சிரிக்காதவள் ஒருத்திதான். ஏழாம் இலக்கம், பாசையூர் அற்புதராணி.

இங்கே வருவதற்கு முன்பு அவள் ஒரு கன்னியர் மடத்துக் கந்தோரில், வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்குக் கடித உறை எழுதியவள். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் கடைசியில்தான் வரும் என்று சொன்னாள். கரும்பலகையைப் பார் என்று அக்கா சொன்னாள். கடைசியில், கார்த்திகை நடுவில், அவள் தன் பாட்டில் மாற்றித் தட்டினாள். இரண்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு அட்டை. நானூற்றுப் பன்னிரண்டிலும் வித்தியாசம். குணலட்சுமி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஏழாம் இலக்கத்தின் பிழை என்று எழுதி, ஓரத்தில் ‘பிடிவாதம்’ என்று ஒரு சொல்லும் போட்டாள். மூன்றாம் நாள் அற்புதராணியின் கையில், கவனயீனத்துக்காக வேலையிலிருந்து நீக்கும் கடிதம் இருந்தது.

கந்தோர் வெறிச்சென்று கிடந்தது. எண்ணெய் வரத்து நின்ற நாளிலிருந்து ஜெனரேற்றரை ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் போடுவார்கள். இன்று போடாத நாள். பெண்களை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. துணியால் மூடிய கம்பியூட்டர்கள் வரிசையாக இருக்க, மாமா மட்டும் தன் மேசையில் டைப்ரைட்டரோடு இருந்தார்.

மாமா லண்டனில் பதினொரு வருடம் இருந்து வந்தவர். குடும்பப் பெயர் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் ஒரு நாளும் திரையைப் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனை அட்டை முடிந்தது என்பதைத்தான் பார்த்தார்.

பதிலை அவரே ஆங்கிலத்தில் அடித்து முடித்திருந்தார். குணலட்சுமி நின்றபடியே வாசித்தாள். ஏழாம் இலக்கப் பணியாளர், பெயர்கள் தொடர்பான அறிவுறுத்தலை மீறித் தட்டி வந்தது சரிபார்ப்பில் பிடிபட்டது. அவர் கார்த்திகை மாதம் பதினான்காம் திகதி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சரிபார்ப்பாளரின் கையெழுத்திலுள்ள பிழைப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு வரியும் உண்மை. சேர்த்து வாசித்தால் முழுப் பொய்.

கீழே இரண்டு கோடு. ஒன்றில் அக்காவின் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. மற்றது சரிபார்ப்பாளருக்கு.

“மாமா, அவள் மட்டும்தான் சரியாத் தட்டினவள்.”

“அது எனக்குத் தெரியாதோ பிள்ளை? லண்டன்காரனுக்குத் தெரியத் தேவையில்லை.”

அவர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். ஒரு பெண் செய்த குழப்படி, ஆளை அனுப்பியாகிவிட்டது என்றால் வெள்ளைக்காரன் மன்னிப்பான். கந்தோர் முழுவதும் ஒரு கரும்பலகையைப் பார்த்துப் பிழையாகத் தட்டியது என்றால் பெட்டிகள் நாளைக்கே மணிலாவுக்குக் கப்பல் ஏறும். பதினான்கு வீட்டில் அடுப்பு எரியாது. போனவள் போய்விட்டாள், அவளுக்கு இனி என்ன புதிதாக நட்டம்?

அக்கா யன்னல் பக்கமாக நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

“கரும்பலகையிலை எழுதினது நான். உண்மையை எழுதினா அதிலை என்ரை பேர்தான் வரும். பிறகு ஐயாவை நீ பார்.”

குணலட்சுமி பேனையை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். திரும்ப மூடினாள்.

இரண்டு மணிக்குள் வந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தபோது மணி பத்தரை. எங்கே போகிறாய் என்று அக்கா கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

கோட்டையில் ஆமி இருந்ததால் அந்தப் பக்கம் போகப் பயந்து, நல்லூரால் சுற்றி, கண்டி வீதியைக் கடந்து பாசையூருக்கு இறங்கினாள். அந்தோனியார் கோயிலடியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கரையில் வள்ளங்கள் இழுத்துக் கவிழ்த்துக் கிடந்தன. கடலில் ஒன்றுமில்லை.

கிடுகு வேலிக்குள்ளே அற்புதராணியின் தாய் வெறும் சாக்கில் இருந்தாள். பக்கத்தில் அரைவாசி கல் பொறுக்கித் தெரிந்த அரிசி ஒரு சுளகில் கிடந்தது. யார் என்று கேட்டாள். குணலட்சுமி பெயரைச் சொன்னாள்.

“ஓ. பிழை எழுதுறவ எண்டு இவள் சொல்லுறது உன்னைத்தானோ?”

“ஓம்.”

“எழுது பிள்ளை. இஞ்சையும் கனக்கக் கிடக்கு, பார்த்து எழுது.”

அற்புதராணி கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். இருபது வயது. மூன்று மாதத்தில் கழுத்தெலும்பு வெளியே வந்திருந்தது. குணலட்சுமி வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்த வசனங்கள் அத்தனையும் குழம்பிப்போக, கடிதம் வந்ததையும், பெயர்கள் மாறியதையும் தட்டித்தடவிச் சொல்லி முடித்தாள்.

“நீர் தட்டினதுதான் சரி. நானூற்றுப் பன்னிரண்டும்.”

“அது எனக்கு அண்டைக்கே தெரியும், குணாக்கா. நீங்கள் இப்ப அறிஞ்சு எனக்கென்ன?”

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டவளுக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

அப்பா எங்கே என்று ஏதோ கேட்க வேண்டுமே என்பதற்காகக் குணலட்சுமி கேட்டாள். பதில் தாயிடமிருந்து வந்தது. போன வருடம் கடலில் தன் வள்ளத்துக்குப் பக்கத்து வள்ளத்தில் நேவியின் வெடி பட்டு, கூட வளர்ந்த இரண்டு பேர் செத்ததைக் கண்ட நாளோடு, நீக்கிலாப்பிள்ளை இனிக் கடலில் கால் வைப்பதில்லை என்று கோயிலில் நேர்ந்துவிட்டார். மகளின் சம்பளம் வந்த மட்டும் கரையிலிருந்து ஆட்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பளம் நின்றது. மார்கழியை ஒருமாதிரிக் கழித்தார்கள். தையில் தோட்டை விற்றார்கள். எட்டு நாளைக்கு முன், கடல் தடையும் பாராமல், அயல் வீட்டுக் கிறிஸ்துநாயகத்தோடு வள்ளத்தை இறக்கினார். இரண்டு பேரும் திரும்பவில்லை. மண்டைதீவுப் பக்கமாக ஆளில்லாத வள்ளம் ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறதாம். நேவி முகாம் இருக்கிற இடத்துக்கு யார் போய்ப் பார்ப்பது?

எதையும் திகதி வாரியாக அடுக்கிப் பார்ப்பது குணலட்சுமியின் பழக்கம். வேண்டாம் என்றாலும் மனம் அடுக்கியது. கார்த்திகை பதினான்கு, மார்கழி, தை, எட்டு நாள். அந்தப் பட்டியலின் முதல் வரி அவளுடைய கையெழுத்தில் இருந்தது.

“நான் என்ன செய்ய?” என்று கேட்டாள்.

“எனக்கொரு கடிதம் தாங்கோ” என்றாள் அற்புதராணி. “மடத்திலை திருப்பி எடுக்க விருப்பம்தான். நீங்கள் தந்த கடிதத்தைப் பாத்திட்டு மதர் யோசிக்கிறா. கவனயீனம் எண்டெல்லோ கிடக்கு.”

குணலட்சுமி மாலை வகுப்புக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அடியில் வைத்து எழுதச் சுளகைக் கவிழ்த்துத் தர யாருக்கும் மனமில்லை. முழங்காலில் வைத்தே எழுதினாள். திகதி, இலக்கம், அட்டைகளின் தொகை, அவை யாவும் சரியாகவே தட்டப்பட்டவை, பிழை என்று தீர்த்தது சரிபார்ப்பாளராகிய என்னுடைய தவறு. கையெழுத்து வைத்துக் கொடுத்தாள்.

அற்புதராணி இரண்டு தரம் வாசித்தாள். அட்டை வாசிக்கிற அதே வாசிப்பு, விரல் வரிக்குக் கீழே நகர்ந்தது.

“ஏன் பிழை வந்ததெண்டு இதிலை இல்லையே.”

குணலட்சுமி பேனை மூடியைத் திருகினாள்.

“காரணம் இல்லாட்டி, நீங்கள் இரக்கப்பட்டு எழுதித் தந்ததெண்டு மதர் நினைப்பா. அவ கெட்டிக்காரி.”

தாளைத் திரும்ப வாங்கினாள். கரும்பலகையில் இருந்த அறிவுறுத்தல் பிழையானது என்று கையெழுத்துக்கு மேலே நெருக்கி எழுதினாள். அதை எழுதியவர் என்று தொடங்கி, நின்றாள். தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘மேற்பார்வையாளர்’ என்று முடித்தாள். அந்தக் கந்தோரில் மேற்பார்வையாளர் ஒருவர்தான்.

அற்புதராணி தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

“லண்டன் விலாசமும் எனக்குத் தெரியும். பெட்டி ஒவ்வொண்டிலையும் ஒட்டியிருந்ததெல்லே.”

“அனுப்பப் போறீரோ?”

அவள் கடல் பக்கம் பார்த்தாள்.

“அப்பா வந்தா அனுப்பமாட்டன்.”

குணலட்சுமி கந்தோருக்குத் திரும்பியபோது ஒன்றே முக்கால். கையெழுத்து வைக்கப் போவதில்லை என்பதை மட்டும் வழியில் முடிவாக்கியிருந்தாள். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.

மாமா அங்கே இல்லை. மேசை துடைத்துக் கிடந்தது. அக்கா தனியாக, கம்பியூட்டர்த் துணிகளை ஒவ்வொன்றாக உதறி மூடிக்கொண்டிருந்தாள்.

“கடிதம் எங்கை?”

“வான் நேரத்தோடை வெளிக்கிட்டுது. மாமா கொண்டுபோய்க் குடுத்திட்டார்.”

“நான் வைக்கேல்லையே.”

“நான் வைச்சன்.” அக்கா துணியின் மடிப்பை நீவினாள். “உன்ரை கையெழுத்துத்தானே. சின்னனிலை கையைப் பிடிச்சு எழுதப் பழக்கினதே நான்தான்.”

குணலட்சுமி ஒரு கதிரையை இழுத்தாள். இருந்தாள். இருந்த இருப்பிலேயே, பாசையூரில் நடந்த எல்லாவற்றையும், ஒன்றையும் விடாமல், நடந்த ஒழுங்கிலேயே சொன்னாள். நீக்கிலாப்பிள்ளையைச் சொன்னாள். முழங்காலில் வைத்து எழுதிய தாளைச் சொன்னாள். அற்புதராணி கடைசியாகச் சொன்ன வார்த்தையையும் சொன்னாள்.

அக்கா ஒரு கேள்விதான் கேட்டாள்.

“என்ரை பேரை எழுதினியோ?”

“மேற்பார்வையாளர் எண்டு எழுதினன்.”

வெளியே யாரோ ஒருவர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார். இரண்டு தாள், இரண்டிலும் குணலட்சுமியின் கையெழுத்து, ஒன்று சொல்வதை மற்றது மறுக்கிறது. ஒன்று கொழும்புப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. மற்றதும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தால் வேலையோடு நிற்காது, கள்ளக் கையெழுத்து வைத்தவள் என்ற பெயரும் அக்காவுக்கு வரும். அது குணலட்சுமிக்கு இப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு முதலே உறைத்திருக்க வேண்டும். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“போய் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வா.”

“கேக்கமாட்டன் அக்கா.”

“கேக்க வேண்டாம். நான் கேக்கிறன்.”

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். சூடு ஆறாத சைக்கிளைத் திருப்பினாள். குணலட்சுமி பின்னால் ஓடினாள்.

“அவள் தரமாட்டாள். தேப்பன் வந்தால்தான் எண்டு சொன்னவள். என்னத்தைச் சொல்லிக் கேக்கப் போறியள்?”

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். ஐயாவுக்கு மருந்து குடுக்கிறபோது வரும் அதே நிதானம் குரலில் இருந்தது.

“மண்டைதீவிலை பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், உயிரோடை இருக்கிறார், ஒருதர் கண்டவர் எண்டு சொல்லுவன்.”

“அக்கா.”

“நாலு நாளைக்கெண்டாலும் அந்தச் சனம் வயிறாறச் சாப்பிடும்.”

குணலட்சுமி சைக்கிள் கரியரைப் பிடித்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, ஊன்றி மிதித்தாள். கரியர்க் கம்பி விரல்களை உரசிக்கொண்டு போனது. படலை தாண்டி, ஒழுங்கை தாண்டி, சேலையின் பச்சைக் கரை வெயிலில் ஒருமுறை தெரிந்து மறைந்தது.

பாசையூருக்குச் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். நடந்தால் இரண்டு. அக்கா சொல்லி முடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். சேர்ந்து, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, அது பொய் என்று சொல்ல வேண்டும்.

குணலட்சுமி கந்தோரைப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு நடக்கத் தொடங்கினாள்.